பின்பனியில் ஓர் ஏல நாற்றங்கால்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"ஆண்டு விழாவில் கால் மணி நேரம் பேசவேண்டும், பொருளை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்" என்று செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். நாம் மெட்ரிகுலேஷன் அளவே பயின்று, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழித்து வருகிறோம். இலக்கியம் பேசுவதற்குப் புலமையுடையோர் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கின்றனர். ஆதலின், நாம் கண்ணால் கண்டதும் கையால் கணக்கு எழுதியதுமான ஒன்றையே எடுத்துக்கொண்டோம். இடுக்கி மலையில் உள்ள ஒரு சிறிய ஏல நாற்றங்கால், குளிர் நீண்டு வேனில் பிந்திய ஓர் ஆண்டை எவ்வாறு கடந்தது என்பதே இன்றைய பொருள்.

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இவற்றுள் பின்பனி என்ற ஒன்று தனியே எதற்கு என்று, பாலக்காட்டில் வாழும் நமக்குத் தோன்றக்கூடும். மலைத்தொடரில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் வரை அகன்று கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வழியே மார்கழியிலும் தையிலும் கீழைக்காற்று சீறிப் பாய்கிறது. அது உதட்டை வெடிக்கச் செய்யுமேயன்றி எலும்பை நடுக்குவதில்லை. மாசி பிறந்துவிட்டால் நம் குடியிருப்பில் மின்விசிறி ஓயாது சுழலும். நமக்குப் பின்பனி என்பது ஏட்டில் உள்ள சொல்.

ஆனால் நம் வீட்டு மாடியிலிருந்து தெற்கே நோக்கினால் நெல்லியாம்பதி மலை தெரிகிறதன்றோ? அதற்கு அப்பால் பறம்பிக்குளம். அதற்கும் அப்பால் ஆனைமலையின் உச்சிகள். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி. அதற்குத் தெற்கே மூணாறு, தேவிகுளம், சாந்தம்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு. அங்கெல்லாம் பின்பனி இன்றும் உயிருள்ள பருவம். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது இப்பகுதி கேரளத்தோடு நின்றது; 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டத்தின் உறுப்பாயிற்று. எல்லைக்கோடு மலைமுகட்டில் ஓடுகிறது. உழைப்போ நாள்தோறும் அக்கோட்டைக் கடக்கிறது. போடி, கம்பம், உத்தமபாளையம் வட்டாரத்துத் தாய்மார்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளில் மலையேறி ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டு மாலையில் இறங்குகின்றனர். நம் குடியிருப்பிலும் அவ்வூர்களைச் சேர்ந்த குடும்பங்கள் சில உள்ளன.

நம் மனைவியின் தமையனார், உடும்பஞ்சோலைக்கு அருகே ஒரு சரிவில் நாற்றங்கால் நடத்தி வருகிறார். ஆண்டுக்கு இருமுறை விடுப்பில் அங்கே செல்வது நம் வழக்கம். பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்தில் தேனி, போடி என்று போவோம். 1928ல் அமைந்த மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை, அகலப் பாதையாக மாற்றப்படும்பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியோடு மூடப்பட்டிருந்தது. 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. நாம் கூறப்போகும் நிகழ்ச்சி, அந்த ரயில் இல்லாத காலத்தில் நடந்தது. மைத்துனர்க்குக் கணக்கு எழுத நேரமில்லை. நமக்கோ கணக்கு எழுதுதல் கைப்பழக்கம். ஆகவே அவருடைய முன்பணப் பேரேடு நம் கையெழுத்தில்தான் இருக்கிறது.

ஏலம், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய செடி. ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் உயரத்தில், பெருமரங்களின் நிழலில் செழிப்பது. இன்று பெரும்பாலான தோட்டங்களில், கட்டப்பனைப் பகுதி விவசாயியான செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்துப் பரப்பிய 'ஞள்ளானி' போன்ற இனங்களின் பக்கக்கன்றுகளைத் தூரிலிருந்து பிரித்து நடுகின்றனர். தாய்ச்செடியின் குணம் மாறாது வருவது அம்முறையின் நன்மை. விதை நாற்றுக்கும் இன்னும் இடம் உண்டு. தாய்த்தூர்கள் அழுகிப் பக்கக்கன்று கிடைக்காத ஆண்டுகளில் விதையையே நாடவேண்டியிருக்கும்.

விதை நாற்று வளர்ப்பது எளிய செயலன்று. நன்கு பழுத்த காயிலிருந்து விதையை எடுத்து, வழுவழுப்பு நீங்கக் கழுவி, நிழலில் உலர்த்திக் காலந்தாழ்த்தாமல் விதைக்கவேண்டும். வைத்திருக்க வைத்திருக்க முளைக்கும் ஆற்றல் குன்றும். மேலோடு கடினமாதலின், நீர்த்த அமிலத்தில் சிறிது நேரம் இட்டுப் பலமுறை கழுவும் முறையும் உண்டு. ஒரு மீட்டர் அகலத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து, காட்டு மேல்மண் பரப்பி, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் வரிசையாக விதைத்து, வைக்கோல் மூடாக்கு இட்டு, மேலே பந்தல் போட்டுப் பூவாளியால் நீர் தெளிப்பர். செப்டம்பரில் விதைத்தால், மூன்று நான்கு வாரங்களில் முளை காணும். மூன்று நான்கு இலை விட்டதும் பாலித்தீன் பைக்கு மாற்றுவர். ஜூன், ஜூலையில் பருவமழையோடு தோட்டத்தில் நடுவர். அல்லது இன்னும் ஓர் ஆண்டு வளர்த்து, 18 மாத நாற்றாக நடுவர். நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய் காணும். ஆக, இன்று ஒருவர் வாங்கும் நாற்று நல்லதா, அல்லதா என்று முழுதும் விளங்குவதற்கு மூன்று ஆண்டுகள் ஆகும். நாற்று விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் இடையே இருப்பது அந்த மூன்று ஆண்டு நம்பிக்கைதான்.

செப்டம்பர் என்று ஏன் சொல்கின்றனர்? குளிர் வருமுன் முளைத்துவிட வேண்டும் என்பதே காரணம். நவம்பர் முதல் மண்ணின் வெப்பம் தணியத் தணிய முளைப்பு தாமதப்படும், எண்ணிக்கையும் குறையும். இங்கே குளிரின் இருவகைத் தீங்குகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று உறைபனி. முகிலற்று, காற்றடங்கிய இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமுடையது. அது நீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனாலேயே பள்ளத்தில் நாற்றங்கால் அமைத்தலாகாது என்பர். 2019 ஜனவரியில் மூணாற்றைச் சுற்றிய உயரமான தோட்டங்களில் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே இறங்கி, தேயிலை பரந்த அளவில் கருகியதைச் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். அது ஓரிரவில் அடிக்கும் அடி.

மற்றொன்று, ஏலக்காட்டில் நிகழும் மெல்லிய குளிர். அங்கே பனி உறைவதில்லை, இலை கருகுவதில்லை. மண் குளிர்ந்து கிடக்கும். அதனுள் விதை உறங்கிக்கிடக்கும். நாள் செல்லும், பாத்தி வெறுமையாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் அழிவு ஒன்றும் இல்லாததால், இக்குளிர் மனிதனின் பொறுமையைத்தான் முதலில் தாக்குகிறது.

2018 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளம் எவர்க்கும் மறந்திராது. அம்மாதம் 9ஆம் நாள், 26 ஆண்டுகளுக்குப் பின் செறுதோணி அணையின் மதகு திறக்கப்பட்டது. இடுக்கியில் பல இடங்களில் மலை சரிந்தது. ரயில்வே குடும்பங்களாகிய நமக்கு 1924ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றியும் செவிவழிச் செய்தி உண்டு. 1902ல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908ல் இரண்டடிக் குறுகிய பாதையாக மாறி, மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளப் பள்ளத்தாக்கு ரயிலை அவ்வெள்ளம் கொண்டுபோயிற்று. அந்த ரயில் மீண்டும் ஓடவே இல்லை. 2018 வெள்ளமோ ஏலத்தின் வேரைப் பிடித்தது. வாரக்கணக்கில் ஈரம் நின்றதால் காயும் தூரும் அழுகின. பக்கக்கன்று அரிதாயிற்று. தோட்டக்காரர்கள் விதை நாற்றைத் தேடி மைத்துனரிடம் வந்து முன்பணம் கொடுத்தனர். மறு ஜூனில் நாற்று ஒப்படைப்பதாகப் பேச்சு.

ஆனால் அவருடைய சரிவிலும் பாதை இடிந்திருந்தது. மண்ணைச் சீராக்கிப் பாத்தி கட்டுவதற்குள் செப்டம்பர் கழிந்தது. அக்டோபர் இறுதியில்தான் விதைத்தார். நவம்பரில் ஒரு சில முளைகள் தலைகாட்டின. பின்னர் குளிர் இறங்கியது. டிசம்பர் சென்றது, 24 பாத்திகளில் 20 பாத்திகள் வைக்கோலுக்கு அடியில் அப்படியே கிடந்தன.

பொங்கல் விடுப்பில் நாம் சென்றபோது, வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கூறிக்கொண்டிருந்தனர். "விதை கெட்டுவிட்டது, பாத்தியைக் கொத்திவிட்டு வேறு விதை போடு" என்றார் ஒருவர். "யூரியா கரைத்து ஊற்று" என்றார் மற்றொருவர். "நீர் போதவில்லை, இருவேளையும் நனைத்துவிடு" என்றார் இன்னொருவர். மைத்துனர் ஒன்றுமே பேசவில்லை. ஒரு பாத்தியின் மூலையில் விரலால் மண்ணைக் கீறி, நான்கைந்து விதைகளை எடுத்து, நகத்தால் பிளந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உள்ளே வெண்மையாக, கெட்டியாக இருந்தது. அழுகிய விதையாயின் நசுங்கிப் பழுப்பாக இருக்கும். "உயிர் இருக்கிறது, மாப்பிள்ளை. நாம் அதைக் கொல்லாமல் இருந்தால் போதும்" என்றார்.

நீர் ஊற்றுவது பற்றி முடிவு கூறியவர், போடியிலிருந்து பல்லாண்டுகளாக வேலைக்கு வரும் ஓர் அம்மையார். அவர் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, "மண்ணைத் தொட்டுப் பாருங்கண்ணே, சில்லுன்னு கெடக்கு. இதுக்கு மேல தண்ணி ஊத்துனா விதை குளுருலயே அழுகிப் போகும்" என்றார். இதனை நூலறிவும் மறுப்பதில்லை. குளிர்ந்து ஈரம் தேங்கிய மண்ணில்தான் நாற்றழுகல் நோய்க்குரிய பூஞ்சைகள் பெருகும். குளிரில் செடி நீரை மெல்லப் பருகுகிறது. நாம் விரைந்து ஊற்றினால் அது நோய்க்கு ஊற்றியதாக முடியும்.

அன்று முதல் செய்த மாற்றங்கள் மிகச் சிறியவை. மாலையில் நீர் தெளிப்பதை நிறுத்தினர். வெயில் ஏறி மண்ணில் குளிர்ச்சி தணிந்த பின்னரே, அளவாகத் தெளித்தனர். மேலே கட்டியிருந்த நிழல்வலையை ஒருபுறம் சுருட்டிக் காலை வெயிலைப் பாத்தியில் விழச் செய்தனர்; உச்சிவெயிலில் மீண்டும் இழுத்துவிட்டனர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் காற்றைத் தடுக்கக் கிழக்கே சாக்குகளைத் தைத்துத் திரை கட்டினர். இரவில் மூங்கிற் பிளாச்சுகளை வளைத்து மேலே பாலித்தீன் தாள் போர்த்தினர். காலையில் அதை மறவாமல் எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் உள்ளே வேர்த்து, அழுகலுக்கு அதுவே வழியாகும். இதற்காக மைத்துனரின் மனைவியார் விடியலில் எழுந்து 24 பாத்திகளையும் திறப்பார். உரம் ஒரு பிடியும் இடவில்லை. வேரே இல்லாத விதைக்கு உரம் எதற்கு?

மாசி நடுவில் முளைகள் வரத்தொடங்கின. எல்லாம் வரவில்லை, பாதிக்குச் சற்று மேல் வந்தன. ஐந்து பாத்திகள் வெறுமையாகவே நின்றுவிட்டன. நாற்றங்கால் நடத்துவோர்க்கு இது பெரிய இழப்பு. குளிரோடு போரிட்டு வென்றதாகக் கதை கூறுவதற்கு நாம் இங்கே வரவில்லை. குளிர் தனக்குரியதை எடுத்துக்கொண்டது. எஞ்சியதை மனிதரின் அவசரம் எடுத்துக்கொள்ளாமல் காத்தனர்; அவ்வளவே.

உண்மையான சோதனை இதற்குப் பின்னரே வந்தது. அவ்வாண்டு கோடை மழை பொய்த்தது. பருவமழையும் ஒரு வாரம் பிந்தி, ஜூன் 8ஆம் நாள்தான் கேரளத்தில் இறங்கியது. விளைச்சல் குறைந்ததால் ஏலக்காயின் விலை மே, ஜூன் மாதங்களில் ஏறிக்கொண்டே போயிற்று. ஆகஸ்டில் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ உச்ச விலையாக 7,000 ரூபாய் வரை சென்றது. காயின் பெயரும் ஏலம், விற்கும் முறையின் பெயரும் ஏலம். அவ்வாண்டில் இரண்டும் சேர்ந்து மலையில் எவர்க்கும் உறக்கமில்லாமல் செய்துவிட்டன. நிலம் வைத்திருப்போர் அனைவர்க்கும் உடனே நடவேண்டும் என்ற வேகம். நாற்றங்காலின் வாயிலில் ஜீப்புகள் நின்றன.

நாற்றோ அப்போதுதான் மூன்று நான்கு இலைகளுடன் பைக்கு மாறியிருந்தது. ஜூனில் இருக்கவேண்டிய வளர்ச்சியில் பாதியும் இல்லை. "எப்படியிருந்தாலும் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டோர் பலர். பேசியதற்கு மேல் விலை தருவதாகவும் கூறினர். மைத்துனருக்குக் கூட்டுறவுக் கடன் தவணை நின்றுகொண்டிருந்தது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் அது. கொடுத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். நாற்று செத்தால் மழையின் மீதும் மண்ணின் மீதும் பழி போகும்; மூன்று ஆண்டு கழித்து யார் கணக்குக் கேட்கப்போகிறார்கள்?

அவர் கொடுக்கவில்லை. நம்மிடம் பேரேட்டைத் தந்து, முன்பணம் கொடுத்த ஒவ்வொருவர்க்கும் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். நாற்று இன்னும் நடுந்தரம் பெறவில்லை. அடுத்த ஜூனில் 18 மாத நாற்றாக, பேசிய விலைக்கே தரப்படும். காத்திருக்க இயலாதவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்: இதுவே அக்கடிதத்தின் சாரம். 31 கடிதங்கள் எழுதினோம். 12 பேர் பணத்தைத் திரும்பப் பெற்றனர். அதற்காகக் கடன் தவணையைத் தள்ளிவைத்து, வீட்டு நகை ஒன்றை அடகு வைக்க நேர்ந்தது. ஏனைய 19 பேர் காத்திருந்தனர்.

பணத்தைத் திரும்பப் பெற்றோர் வேறிடங்களில் இளநாற்று வாங்கி நட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டிலும் கேரளத்தில் பெருமழை கொட்டியது. வேர் பிடிக்காத பிஞ்சு நாற்றுகள் பல இடங்களில் மண்ணோடு போயின. நியாயமாகக் கூறவேண்டுமாயின், நல்ல நிழலும் வடிகாலும் உள்ள நிலத்தில் ஓரிருவர் அவற்றைக் காப்பாற்றியும் விட்டனர். ஆகவே காத்திருந்தவர் அனைவரும் அறிவாளிகள், விரைந்தவர் அனைவரும் அறிவிலிகள் என்று நாம் கூறமாட்டோம். நாற்றை விற்பவர் தாம் நம்பாத பொருளை விற்கலாகாது என்பதே நாம் கூறுவது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எல்லை வழிகள் மூன்றும் அடைக்கப்பட்டன. போடியிலிருந்து வரும் தாய்மார்கள் வர இயலவில்லை. மலையில் வேலை இருந்தும் கையில்லை, கீழே கை இருந்தும் கூலியில்லை. பைகளுக்கெல்லாம் மைத்துனரின் குடும்பமே நீர் சுமந்தது. ஜூனில் 19 பேர்க்கும் நாற்று ஒப்படைக்கப்பட்டது. பேரேட்டில் கடைசிக் கட்டத்தை நிரப்ப நாம் அங்கே செல்ல இயலாமல், தொலைபேசியில் கேட்டு இங்கிருந்தே எழுதி அனுப்பினோம். அதற்குள் ஏலக்காயின் விலையும் இறங்கத் தொடங்கியிருந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் கிலோ 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. 7,000 ரூபாயைக் கண்டு விரைந்தவர்க்கும், காத்திருந்தவர்க்கும், காய் காணும்போது கிடைத்த விலை ஒன்றுதான். நாற்று நிலைத்தவர்க்குத் தோட்டமாவது நிலைத்தது.

அன்புடையீர், இதனை இப்போது ஏன் கூறுகிறோம்? 2024 கோடையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் வறட்சியால் பெருமளவு கருகின. மறுநடவுக்கு நாற்றுத் தேடுவோர் மீண்டும் பெருகினர். வெள்ளமும், குளிரும், வறட்சியும் மாறிமாறி வரும் இக்காலத்தில் நாற்றங்கால்களின் மீது அழுத்தம் இன்னும் மிகும். பாம்பாடும்பாறையில் 1956 முதலும், மயிலாடும்பாறையில் 1978 முதலும் ஏல ஆராய்ச்சி நிலையங்கள் இயங்கிவருகின்றன. விதை, நோய், மண் குறித்து ஐயமுள்ளவர் அங்கே கேட்டறியலாம். எனினும் எந்த ஆராய்ச்சி நிலையமும் நமக்காகப் பொறுத்திருக்க இயலாது. அதை நாமே செய்யவேண்டும்.

நம் குடியிருப்பில் சேமிப்பைக் கொண்டு சொந்த ஊர்ப்பக்கம் மலையில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வாங்கியவர்கள் உள்ளனர். அவர்களிடம் நம் வேண்டுகோள் மூன்று. நாற்று வாங்குமுன் நாற்றங்காலை நேரில் பாருங்கள். பள்ளத்தில் உள்ளதா, நோயுற்ற தோட்டத்தின் அருகில் உள்ளதா என்று கவனியுங்கள். கட்டே நோய் அசுவினிப் பூச்சியால் பரவுவது; அருகில் நோய்த்தூர் இருப்பின் அழகிய நாற்றும் ஆபத்தே. இரண்டாவதாக, "இவ்வாண்டு குளிர் நீண்டுவிட்டது, ஒரு பருவம் பொறுங்கள்" என்று நாற்றங்கால்காரர் கூறினால் அவர்மீது சினம் கொள்ளாதீர்கள். அவ்வாறு கூறத் துணிபவரிடமே மறுமுறையும் செல்லுங்கள். மூன்றாவதாக, குளிர்ந்த மண்ணைக் கையால் தொட்டு அறிந்து சொல்லும் அந்தத் தாய்மார்களின் கூலியில் பேரம் பேசாதீர்கள். பாத்தியில் உள்ள உயிர் அவர்கள் கையில் இருக்கிறது.

நாம் பணிபுரியும் துறையில் பத்து நிமிடத் தாமதத்துக்கும் காரணம் எழுதவேண்டும். மலையில் ஒரு பருவமே தாமதமாக வருகிறது. காரணம் எழுத அங்கே ஏடில்லை. வரும்வரை காத்து, வந்ததைப் பேணுவதே அங்குள்ள கடமை.